பெயரில் இருப்பது வெடிமருந்தின் அளவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் லீவர் ரைஃபிள்களை, அதாவது விசைக்கு அடியிலுள்ள லீவரை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும் துப்பாக்கிகளைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு வந்த கட்டுரையைப் படித்தோம். சிவகாசியிலிருந்து வரும் கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு வின்செஸ்டர் என்ற பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று தமிழில் எழுத முன்வந்தது நல்ல காரியம். ஆனால் அதில் ஒரு வரியைத் திருத்தாமல் விட முடியாது. “தோட்டாவின் பெயரிலேயே மருந்தின் அளவு இருக்கிறது. .45-70 என்றால் 70 கிரெய்ன், .30-30 என்றால் 30 கிரெய்ன். கையால் தோட்டா அடைப்பவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் உரிய முறையில் ரைஃபிள் வாங்கி, பழைய பித்தளைக் கூடுகளில் மறுபடி தோட்டா அடைக்கும் தமிழர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த வரியை நம்பினாலும் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம்.

சொற்களிலிருந்து தொடங்குகிறோம், ஏனெனில் கட்டுரை தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே குழப்பியிருக்கிறது. பறந்து போவது குண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு என நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. பிரைமர் தீபாவளிக்குப் பிள்ளைகள் அடிக்கும் பொட்டு வெடிக்கு அண்ணன்: அடித்தால் பொறி, பொறி பட்டால் மருந்து எரியும். கிரெய்ன் என்பது எடை அளவு, 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நகைக்கடைக் கணக்கில் சொன்னால் ஒரு குன்றிமணி எடை ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். எட்டு கிராம் பவுன் ஒன்று 123 கிரெய்னுக்குச் சற்று மேல்.

இனி பெயருக்கு வருவோம். .45-70 தோட்டா 1873இல் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ‘ட்ராப்டோர்’ துப்பாக்கிக்காகப் பிறந்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடக்கூடிய துப்பாக்கி அது. 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் கருமருந்து என்பதே பெயரின் பொருள். குண்டின் எடை 405 கிரெய்ன், அதாவது மூன்றேகால் பவுன் ஈயம். அந்த 70, வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கருமருந்தின் கணக்கு. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் நின்றுவிடும். இன்று டப்பாவில் வருவது நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான புகையிலா மருந்து. அது ஏறக்குறைய முழுவதுமாக வாயுவாகும். கருமருந்தின் எடைக்கு எடை இதைப் போட்டால் துப்பாக்கி தாங்கும் அழுத்தத்தைப் பல மடங்கு தாண்டிவிடலாம்.

.44-40 தோட்டாவும் கருமருந்துக் காலத்தது, 1873 வின்செஸ்டருக்காக வந்தது. .30-30தான் ஆளை ஏமாற்றும் பெயர். 1894 மாடல் வின்செஸ்டருக்காக 1895இல் வெளிவந்த அது தொடக்கத்திலிருந்தே புகையிலா மருந்துத் தோட்டா. ஆகவே அந்த 30 புகையிலா மருந்தைக் குறிப்பதுதான். ஆனால் அது 1895இல் கிடைத்த மருந்து. இன்றைய மருந்துகளில் ஒன்று நிதானமாக எரியும், ஒன்று சட்டென்று பற்றும். ஒரே 30 கிரெய்ன் ஒரு மருந்தில் சாதாரணமாக இருக்கும், இன்னொன்றில் போல்ட்டை, அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் இரும்புத் தண்டை, உடைக்கும். மருந்து தயாரிப்பவரும் குண்டு தயாரிப்பவரும் வெளியிடும் அளவுக் கையேட்டில் இந்த மருந்து, இந்த எடைக் குண்டு, இந்தத் தோட்டா என்று மூன்றும் பொருந்தும் வரியைப் பார்க்க வேண்டும். அங்கே கொடுத்திருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்து, கூட்டுவதானால் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தில் அடைக்கச் சொல்லும் மருந்து எடை ஒன்றுகூட வராது. செய்தித்தாளில் ஓர் எண் இடம் மாறி அச்சானால் என்ன ஆகும் என்பது உங்கள் மெய்ப்புத் திருத்துபவருக்கே தெரியும்.

.45-70இல் இன்னொரு குழி இருக்கிறது. கையேட்டில் அதற்கு ஒரு பட்டியல் இல்லை, வழக்கமாக மூன்று இருக்கும். பழைய ட்ராப்டோருக்கு ஒன்று, 1895 என்ற மாடல் பெயரில் வரும் மார்லின் போன்ற இக்கால லீவர் ரைஃபிளுக்கு ஒன்று, ரூகர் நம்பர் ஒன் போன்ற கெட்டியான ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு ஒன்று. தோட்டாவின் வெளி அளவு மூன்றுக்கும் ஒன்றே, மூன்று துப்பாக்கியிலும் நுழைந்துகொள்ளும். மூன்றாம் பட்டியலில் அடைத்ததைத் தாத்தா காலத்து ட்ராப்டோரில் போட்டால் ‘நுழைகிறதே’ என்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது. அடைத்த பெட்டியின் மேலேயே எந்தத் துப்பாக்கிக்கு என்று எழுதி ஒட்டுவது இதனால்தான். மருந்தின் பெயர், எடை, குண்டு, தேதி எல்லாம் அதற்கு அடுத்த வரி.

துப்பாக்கிக்குத் துப்பாக்கி பலம் ஏன் மாறுகிறது? 1873 வின்செஸ்டரில் போல்ட்டைப் பின்னாலிருந்து தாங்குவது முழங்கால் மூட்டு போன்ற இரட்டை இணைப்பு. லீவரை மூடினால் மூட்டு நேராக நிமிரும், நேராக நிற்கும்வரை தாங்கும். தாங்குகிற ஆணிகளும் துளைகளும் சிறியவை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1886, 1892 மாடல்களில் போல்ட்டின் இரு பக்கமும் செங்குத்தான இரும்புக் கட்டைகள் மேலேறி, போல்ட்டையும் உடலையும் சேர்த்துப் பூட்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதற்கும் பின்னால் ஆள் சாய்ந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. .44-40க்கு அமெரிக்கத் தொழில் தர நிர்ணயம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு, .45 கோல்ட்டுக்கு 14,000, .45-70க்கு 28,000, .30-30க்கு 42,000. ‘வின்செஸ்டர் தாங்கும்’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர் இந்த நான்கு எண்களையும் ஒருமுறை பார்க்கட்டும்.

அடுத்தது படம். 1894 மாடலின் மேகசின் குழாயை நெடுக்கே வெட்டிக் காட்டிய ஓவியத்தில் ஊசிமுனைக் குண்டுகளை வரிசையாக வரைந்திருக்கிறார்கள். பேரலுக்கு (குண்டு பாயும் குழலுக்கு) கீழே ஓடும் குழாயில் தோட்டாக்கள் ரயில் பெட்டிபோல ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். பின்னால் இருப்பதன் குண்டு முனை, முன்னால் இருப்பதன் பிரைமர்மேல் நேராகப் பதிந்திருக்கும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும், வரிசை முழுதும் ஒன்றையொன்று இடிக்கும். முனை ஊசியாக இருந்தால் அது துப்பாக்கியின் அடிஊசி செய்கிற வேலையைத் தானே செய்துவிடும். மேகசினுக்குள் ஒரு தோட்டா வெடித்தால் அது ஒன்றோடு நிற்காமல் போகலாம், குழாயின்மேல் இருப்பதோ சுடுபவரின் இடது கை. அதனால்தான் .30-30 குண்டுகள் 150, 170 கிரெய்ன் எடையில் தட்டை முனையோடு அல்லது மழுங்கிய உருண்டை முனையோடு வருகின்றன. தட்டை முனை காற்றில் வேகம் இழக்கும், உண்மைதான். 2000களின் நடுவில் ஹார்னடி நிறுவனம் ரப்பர்போல வளையும் முனையுள்ள கூர்குண்டைக் கொண்டுவந்தது இதற்காகவே. அதை வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வகை .45-70 தோட்டாவின் கூடு வழக்கமான கூட்டைவிடக் குட்டை. சுட்டபின் பொறுக்கி மற்றக் கூடுகளோடு கலந்தால், கீழே சொல்லப்போகும் எல்லா அளவும் கெட்டுப்போகும்.

லீவர் என்றாலே கூர்குண்டு கூடாது என்றும் எழுதிவிடாதீர்கள். 1895 வின்செஸ்டரில் குழாய் கிடையாது, விசைக்கு முன்னால் பெட்டி மேகசின். முதல் உலகப் போரில் ரஷ்ய ராணுவத்துக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் போனது இந்த மாடல்தான், ரஷ்யர்களின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்தவை. 1899 சேவேஜில் தோட்டாக்கள் ராட்டினம்போலச் சுற்றி நிற்கும், ஒன்றின் முனை இன்னொன்றின் பிரைமரைத் தொடாது. தடை லீவரால் வருவதில்லை, குழாயால் வருகிறது.

தோட்டாவின் நீளத்தைப் பற்றிக் கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் லீவர் ரைஃபிளில் பாதிச் சண்டை நீளத்தோடுதான். 1866, 1873 மாடல்களின் உள்ளே தோட்டாவைத் தூக்கிக் கொடுப்பது செங்கல் மாதிரியான ஒரு கட்டை. மேகசினிலிருந்து ஒரு தோட்டா கட்டைக்குள் வந்து உட்காரும், அடுத்ததை வாசலிலேயே நிறுத்துவதும் இந்த முதல் தோட்டாவின் நீளம்தான். .44-40இன் அதிகபட்ச மொத்த நீளம் 1.592 அங்குலம். அதற்கு மேல் போனால் தோட்டா கட்டைக்குள் அடங்காமல் முனை முட்டும். ரொம்பக் குட்டையானால் தொல்லை வேறு விதம்: அடுத்த தோட்டாவின் அடி கட்டைக்குள் எட்டிப் பார்க்கும், கட்டை மேலேற முடியாமல் இறுகும், லீவர் பாதியில் நிற்கும். .357 மேக்னம் அறையுள்ள 1873 நகல் ரைஃபிளில் அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போடும்போது இது அடிக்கடி நடக்கும். தட்டையாக வெட்டிய குட்டைக் குண்டை உள்ளே அமுக்கி அடைத்தால் தோட்டா 1.4 அங்குலத்துக்கு வந்துவிடும். .357இன் உச்ச நீளமோ 1.590. லீவர் இறுகிவிட்டால் முரட்டுத்தனமாக இழுப்பது மிக மோசமான வழி. குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டே, கட்டைக்குள் எட்டிப் பார்க்கும் தோட்டாவை மேகசினுக்குள் மெல்லத் தள்ளிவிட்டால் கட்டை ஏறும்.

1892, 1894 மாடல்களிலும் மார்லினிலும் அடுத்த தோட்டாவை நிறுத்துவது முதல் தோட்டாவின் நீளம் அல்ல, உள்ளிருக்கும் உறுப்புகளே. அதனால் நீளத்துக்குக் கொஞ்சம் தாராளம் காட்டும். .30-30க்கு அதிகபட்சம் 2.550 அங்குலம். மார்லினின் பழைய நோய் வேறு. லீவர் மேலேறும்போது, தோட்டாவைச் சுமந்து உயர்த்தும் உறுப்பான தூக்கியின் அடியில் உரசி உரசி ஒரு சின்னப் பள்ளம் விழும். பள்ளம் ஆழமானால் தூக்கி போதிய அளவு உயராது, மேகசின் வாயை மூடாது, இரண்டாவது தோட்டா தூக்கிக்கு அடியில் நழுவிவிடும். பிறகு லீவர் அசையாது. தோட்டாவைக் குறை சொல்லித் தோட்டாப் பெட்டி பெட்டியாக மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. லீவரின் கூர் ஓரத்தை நுண்ணிய கல்லில் தேய்த்து மழுக்கி, தூக்கியின் பள்ளத்தை நிரப்பினாலோ தூக்கியையே மாற்றினாலோ போதும்.

இப்போது அடைக்கும் வேலை. .30-30ஐ எடுத்துக்கொள்கிறோம், அமெரிக்காவில் மிக அதிகமாகப் புழங்கும் லீவர் தோட்டா அதுதான்.

சுட்ட கூட்டை முதலில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கழுத்தில் விரிசல் இருந்தால் குப்பைக்குப் போகட்டும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே, விரல் நகம் அளவு உயரத்தில், சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா? அங்கே பித்தளை மெலிந்திருக்கிறது. நுனியைக் கூராக்கி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்தால், மெலிந்த இடத்தில் கம்பி பள்ளத்தில் விழுவது கைக்குத் தெரியும். அந்தக் கூட்டை இன்னொரு முறை சுட்டால் தலை தனியாகவும் உடல் தனியாகவும் அறுந்து, உடல் சேம்பரிலேயே (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஒட்டிக்கொள்ளலாம்.

இது லீவர் ரைஃபிளில் சீக்கிரம் வருவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பூட்டு போல்ட்டின் பின்முனையில் இருக்கிறது. நீளமான போல்ட் அழுத்தத்தில் சற்றே சுருங்கிக் கொடுக்கும், கூடு அந்த அளவு நீளும். இன்னொன்றில் நம் கை இருக்கிறது. விளிம்புள்ள தோட்டாவாதலால் சேம்பரில் விளிம்புதான் பிடித்து நிறுத்தும், தோளுக்கும் (கூட்டின் உடல் கழுத்தாகக் குறுகும் இடம்) சேம்பருக்கும் இடையில் இடைவெளி இருந்தாலும் தோட்டா உள்ளே நிற்கும், சுடும். சுட்டதும் தோள் முன்னேறி சேம்பரை நிரப்பும். கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் எஃகு அச்சான டையில், பிரஸ் என்ற நெம்புகோல் கருவியால் அழுத்தி, அந்தத் தோளை மறுபடி ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளினால் ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை நீண்டு நீண்டு மெலியும். டையை இறுக்கித் திருகி பிரஸ் தட்டைத் தொட வைப்பது எளிது, பெட்டிக் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் தோள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு மட்டும் நகரும் அளவுக்கு டையை ஏற்றி வைத்தால் கூட்டின் ஆயுள் கூடும். கழுத்தை மட்டும் சுருக்கி விடலாமே என்பார்கள். அது, கைப்பிடியைத் திருப்பிப் பூட்டும் போல்ட் ஆக்‌ஷனுக்குச் சரி. அதன் கைப்பிடியைத் திருப்பும்போது தோட்டாவைச் சேம்பருக்குள் திருகித் தள்ளும் பலம் உண்டு. லீவருக்கு அந்தப் பலம் கிடையாது, ஒரு சுற்று இறுக்கமான கூடு வந்தாலே லீவர் மூடாது.

டைக்குள் போகும் கூட்டுக்கு எண்ணெய் பூச வேண்டும். குறைந்தால் கூடு டைக்குள் இறுகிப் பிரஸ்ஸே திணறும், கூடினால் தோளில் குழி விழும். விரலில் ஒட்டியும் ஒட்டாததுமான அளவுதான் கணக்கு. .45 கோல்ட் போன்ற நேரான கூடுகளுக்குக் கார்பைடு டை இருப்பதால் எண்ணெய் வேண்டாம். .44-40க்குச் சிறு கழுத்து உண்டு, அதற்குப் பொதுவாக வேண்டும். அதன் வாயும் காகிதம்போல மெல்லிசு. டையின் விளிம்பில் ஒரு பக்கம் தட்டினாலே மடங்கிவிடும், ஒவ்வொன்றாக நேர் பார்த்து ஏற்ற வேண்டும். அந்த மெல்லிசுதான் அதன் வரமும். சுட்டதும் வாய் சட்டென்று விரிந்து சேம்பரை அடைத்துக்கொள்ளும், கருமருந்தின் புகையும் கரியும் பின்னால் வராது. தடித்த சுவருள்ள .45 கோல்ட் கூட்டில் இளம் அழுத்தத்தில் சுட்டால் பாதிக் கரி ரைஃபிளின் வயிற்றுக்குள் போய்விடும்.

பிறகு நீளம் வெட்டுதல். .30-30 கூட்டின் உச்ச நீளம் 2.039 அங்குலம், வெட்டிக் கொண்டுவர வேண்டியது 2.029. லேத் பட்டறைக்காரர்கள் ‘தவ்’ என்கிறார்களே, அந்தக் கணக்கில் பத்துத் தவ் இடைவெளி. இருபது கூட்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டுவது அழகுக்காக அல்ல. அடுத்து வரும் கிரிம்ப் முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

கிரிம்ப் என்பது கூட்டின் வாயை உள்நோக்கி மடித்துக் குண்டைக் கவ்வச் செய்வது. குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும், வாய் அதற்குள் மடிய வேண்டும். போல்ட் ஆக்‌ஷன்காரர் இதைச் செய்யாமலே காலம் தள்ளலாம். குழாய் மேகசினில் அப்படி முடியாது. ஸ்பிரிங் ஒரு பக்கம் அழுத்துகிறது, ஒவ்வொரு உதைக்கும் வரிசை இடிபடுகிறது. கவ்வல் தளர்ந்தால் குண்டு கூட்டுக்குள் இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும், நீளம் குறைந்தால் தூக்கியில் மாட்டும்.

கிரிம்ப் கெடுவதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: குண்டை இறக்குவதையும் வாயை மடிப்பதையும் ஒரே இழுப்பில் செய்வது. குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மடியத் தொடங்கினால் வாய் குண்டை உழுது, தோள் நசுங்கிப் புடைக்கும். கண்ணுக்குத் தெரியாத புடைப்பே சேம்பரில் போகாமல் மறிக்கும். முதலில் டையை ஒரு சுற்று மேலே ஏற்றி, வாய் மடியாதபடி எல்லாக் குண்டையும் பள்ளம்வரை இறக்கிவிட வேண்டும். அடுத்து, குண்டை அழுத்தும் தண்டை மேலே திருகிவிட்டு, டையைக் கீழே இறக்கி, கிரிம்பை மட்டும் தனியாகப் போட வேண்டும். இரண்டு முறை பிரஸ் இழுக்கும் சலிப்பு இருக்கிறது, இருக்கட்டும். சரிபார்க்க, தோட்டாவின் முனையை மர மேசையில் வைத்துக் கட்டை விரலால் பலமாக அழுத்தி, முன்னும் பின்னும் அளந்தால் நீளம் மாறக் கூடாது. மைதானத்தில் இன்னும் நல்ல சோதனை உண்டு. மேகசினை நிரப்பி ஐந்தாறு சுட்டபின் கடைசியில் மிஞ்சிய தோட்டாவை வெளியே எடுத்து அளந்து பாருங்கள். அதிகம் இடிபட்டது அதுதான்.

பிரைமர் கூட்டின் அடிக்குச் சமமாக நின்றால் போதாது, மூன்று நான்கு தவ் உள்ளே இருக்க வேண்டும். விரல் நுனியைக் குறுக்கே ஓட்டினால் மேடு தட்டுப்படக் கூடாது. குழாயில் அடுத்த குண்டு அதன்மேல்தான் சாய்ந்து நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம். பெரிய ரைஃபிள் பிரைமரும் பெரிய பிஸ்டல் பிரைமரும் ஒரே விட்டம், ஆனால் ரைஃபிளுடையது உயரம் அதிகம். .44-40, .45 கோல்ட் கூடுகளுக்குப் பிஸ்டல் பிரைமர். அதில் ரைஃபிள் பிரைமரைத் தள்ளினால் தலை தூக்கி நிற்கும்.

மருந்து நிறுக்கும் மேசையில் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூட வேண்டும். பெயர் மறந்த மருந்தை மோந்து பார்த்தோ நிறம் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது, அழித்துவிடுவதே வழி. பெரிய கருமருந்துக் கூடுகளில் சிறிய அளவு புகையிலா மருந்து போட்டால் கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். அதில் இரண்டாவது முறை கொட்டினாலும் வழியாது, பார்த்தால் சந்தேகமும் வராது. .45 கோல்ட்டில் இளஞ்சுமை அடைப்பவர்கள் கையில் துப்பாக்கி பிளப்பது பெரும்பாலும் இந்த இரட்டைச் சுமையால்தான். ஐம்பது கூட்டையும் மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, குண்டு வைக்குமுன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மட்டம் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு காவல் இல்லை. அந்த வேளையில் செல்போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

கருமருந்தே போடுபவர்களுக்கு விதி தலைகீழ்: காலியிடமே கூடாது. குண்டு மருந்தைத் தொட்டுச் சற்று அழுத்த வேண்டும். ஆனால் இன்றைய கூட்டின் அடி கெட்டியாக இருப்பதால் பழைய கூட்டைவிடக் கொள்ளளவு குறைவு. .45-70இல் எழுபதும் .44-40இல் நாற்பதும் அமுக்காமல் கொள்ளாது. பெயரே கூட்டுக்குள் நுழையவில்லை, பார்த்தீர்களா! சுட்ட அன்றே கூட்டைச் சோப்பு நீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் பச்சைக் களிம்பு ஏறும். துப்பாக்கிக்கு வெந்நீரும் பிறகு எண்ணெயும்.

ஈயக் குண்டை வார்ப்பவர்கள் பேரலின் உண்மையான விட்டத்தை அறிந்தாக வேண்டும். எண்ணெய் தடவிய மென்மையான ஈயத்துண்டைப் பேரலுக்குள் தள்ளி எடுத்து, பேரலின் பள்ளங்கள் அதில் பதித்த மேடுகளின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்கலாம். குண்டு அதைவிட ஒரு தவ் பெரிதாக இருப்பது நல்லது. சிறிதாக இருந்தால் வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை உருக்கிப் பேரலில் பூசிவிடும், குறி சிதறும். .44-40 பேரல்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஈயம் உருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

துடைப்பதைப் பற்றிக் கட்டுரை எழுதியது சரியே. ஒன்றை மட்டும் சேர்க்கிறோம். வின்செஸ்டரைக் குழல்முனைப் பக்கமிருந்துதான் துடைக்க வேண்டியிருக்கும். துடைப்புக் கம்பி முனையின் ஓரத்தில் உரசினால் குறி போய்விடும், பித்தளை வளையம் மாட்டிக்கொண்டு துடைக்க வேண்டும். மார்லின் 336இல் லீவர் திருகாணியைக் கழற்றினால் லீவர் வரும், போல்ட் பின்னால் வழுகி வரும், பேரலைப் பின்பக்கமிருந்து துடைக்கலாம். அப்போது கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் சத்தமில்லாமல் கீழே விழும், புல்வெளியில் செய்தால் கிடைக்காது.

கையால் அடைத்தால் ஆற்றல் கூடும் என்று இரண்டு இடத்தில் வருகிறது. இந்தத் துப்பாக்கிகளில் அதைத் தேடுவதே தவறு. தொழிற்சாலைத் தோட்டாப் பெட்டியில் .30-30க்கு, 150 கிரெய்ன் குண்டுக்கு, வினாடிக்கு 2,390 அடி என்று போட்டிருப்பது 24 அங்குலச் சோதனைப் பேரலில் அளந்தது. 20 அங்குலக் கார்பைனில் அது குறைவாகவே வரும். அந்த இடைவெளியை மருந்தால் நிரப்பப் பார்ப்பவர் கூட்டையும் போல்ட்டையும் தேய்ப்பார், வேறு பயன் இல்லை. நின்றுபோன பழைய தோட்டாவைத் தொடர்ந்து சுடுவதற்கும், தன் பேரலுக்குப் பொருந்தும் குண்டைத் தேர்வதற்கும், உதை குறைந்த சுமை செய்வதற்கும்தான் இந்த வேலை. கௌபாய் போட்டிகளை நடத்தும் ஒற்றை ஆக்‌ஷன் சுடுநர் சங்கம்கூட ரைஃபிள் குண்டின் வேகத்துக்கு 1,400 அடி என்று மேல் வரம்பு வைத்திருக்கிறது, அதுவும் ஈயக் குண்டு மட்டும். அங்கே சுமையைக் குறைத்துச் சுடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

சுமையைக் குறைத்துச் சுடும்போது ஓர் ஆபத்து. மருந்தே விழாத கூட்டில் பிரைமர் மட்டும் எரிந்தால், குண்டு பேரலுக்குள் பாதியில் நின்றுவிடும். சத்தம் ‘டப்’ என்று சப்பையாக இருக்கும். லீவர் கைக்கு வேகம் பழகிவிட்டதால் மனம் நினைக்கும் முன்பே அடுத்ததை ஏற்றிவிடும். இரண்டாவது குண்டு முதலாவதில் மோதினால் பேரல் வீங்கும், அல்லது கிழியும். சத்தம் மாறினால் லீவரைத் தொடாமல், முனையை இலக்குப் பக்கமே அரை நிமிடம் வைத்திருந்து, பிறகு சேம்பரையும் மேகசினையும் காலி செய்து, கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வரி சேர்த்திருக்கலாம்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். மேலே சொன்னதெல்லாம் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு.

மருந்தின் அளவைப் பற்றிய அந்த வரிக்குத் திருத்தத்தை அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். கூடவே முதல் பக்கப் படத்தின் கீழுள்ள ஆண்டையும் மாற்றிவிடுங்கள். 1873 மாடலுக்குப் பக்கவாட்டில் தனியாகக் கழலும் தகடும், மேலே நகரும் தூசி மூடியும் உண்டு. நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இரண்டும் இல்லை. அது 1892.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
டெக்சஸ், அமெரிக்கா.